கோடை சீசன் வந்தாச்சு: சுற்றுலாப் படகை தண்ணீரில் இறக்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

ஏப்ரல், மே வந்துவிட்டால் ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் படகு சவாரிக்கு நிற்கும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். டிக்கெட் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். சீசனுக்கு முன் அந்தப் படகைச் சோதித்தார்களா என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7-ல் கேரளாவின் தானூரில் 22 பேர். தானூரில் மூழ்கியது, மீன்பிடிப் படகை மாற்றி அமைத்த சுற்றுலாப் படகு. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

முதலில் அடிப்பாகம்

ஃபைபர் படகு என்றால் கரையில் கவிழ்த்துப் போட்டு, முடி போன்ற விரிசல்கூட விடாமல் பார்க்கணும். தட்டிப் பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால், உள்ளே நீர் இறங்கியிருக்கலாம். மேலே பெயிண்ட் அடித்து மறைப்பது பழுது பார்ப்பது ஆகாது. மழைநீர் வடிய பின்புறம் ஒரு துளை இருக்கும். அதன் மூடியைப் போட மறந்து படகை இறக்கினால், கரையிலேயே தண்ணீர் ஏறத் தொடங்கிவிடும்!

இன்ஜினில் எது ஆபத்து?

மாதக்கணக்கில் டேங்க்கில் கிடந்த பெட்ரோலை வைத்து ஸ்டார்ட் பண்ணக் கூடாது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். நடு ஏரியில் இன்ஜின் நின்றுபோகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து கசிவு. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். பேட்டரி வயரில் ஒரு பொறி போதும். எனவே வெடித்த, இறுகிப்போன ரப்பர் குழாய்களைத் தயங்காமல் மாற்றணும்.

வெளியே பொருத்தும் மோட்டார் ஓடும்போது பக்கவாட்டில் சின்னதாகத் தண்ணீர் பீய்ச்சி வரும். அது வரவில்லை என்றால் இன்ஜின் குளிரவில்லை, உடனே நிறுத்தணும். ஓட்டுநர் கையில் மாட்டும் கயிற்றை இழுத்தால் இன்ஜின் அணைகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அவர் தவறி விழுந்தால் படகு தானாக ஓடாமல் தடுப்பது அந்தக் கயிறுதான்.

லைஃப் ஜாக்கெட்

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. கிழிந்த துணி, நசுங்கிய ஃபோம், பூட்டாத பக்கிள் உள்ளவற்றை ஒதுக்கிவிடணும். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் தலை வழியாகக் கழன்றுவிடும். குழந்தைகளுக்குத் தனி அளவு வேண்டும்.

பேப்பரும் முக்கியம்

2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி, இன்ஜினில் ஓடும் படகுகளுக்கு ஆய்வுச் சான்றும் பதிவும் தேவை. இருக்கையைக் கூட்டினாலோ மேல்தளம் கட்டினாலோ படகின் எடை மேலே ஏறி, எளிதில் சாய்ந்துவிடும். அப்படி மாற்றிய படகுக்குப் பழைய சான்றைக் காட்டினால் செல்லாது, புதிதாக ஆய்வு வேண்டும்.

பயணிகள் ஏறும் முன், எத்தனை பேருக்கு அனுமதி என்று படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'இன்னும் ரெண்டு பேர்தானே' என்று ஏற்றினால், நீங்கள் இறங்கி அடுத்த படகில் போகலாம்.