ஜவ்வாது மலைக்குப் போறீங்களா? பெருங்கௌசிகனார் டிப்ஸைக் கேட்டுட்டுப் போங்க!

நெல்லிவாசல்நாடு எங்கே இருக்குன்னு கேட்டா வட ஆற்காட்டுக்காரங்களே கொஞ்சம் யோசிப்பாங்க. ஜவ்வாது மலையின் மேற்குப் பக்கம், திருப்பத்தூரிலிருந்து ஏறினா புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடுன்னு மூணு மலைநாடுகள் இருக்கு. 2019 நவம்பர் வரைக்கும் வேலூர் மாவட்டம், அதுக்கப்புறம் புதுசாப் பிரிஞ்ச திருப்பத்தூர் மாவட்டம். ஜமுனாமரத்தூரைச் சுத்தியிருக்கிற மலைப்பகுதி திருவண்ணாமலை மாவட்டத்துல வரும்.

பேர்ல ஒரு 'நாடு' ஒட்டிக்கிட்டு இருக்கே, கவனிச்சீங்களா? சோழர் காலக் கல்வெட்டுகள்ல பல ஊர்கள் சேர்ந்த ஒரு பிரிவுக்கு நாடுன்னு பேர். கீழே சமவெளியில ஜில்லா, தாலுக்கான்னு வந்து அந்தச் சொல்லைப் பெரும்பாலும் துடைச்சுட்டாங்க. மலை மேல அது இன்னமும் பஞ்சாயத்துப் பேராவே உட்கார்ந்திருக்கு. ரோடு மெதுவா ஏறுற இடத்துல பழைய சொல்லும் மெதுவாத்தான் இறங்கும் போல :-)

இப்ப விஷயத்துக்கு வருவோம். சுற்றுலாக் குறிப்புன்னு எதைப் படிச்சாலும் ஒரே அச்சுதான். எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம், எங்க நின்னு போட்டோ எடுக்கலாம். மெக்சிகோவுல கான்கூன்னு ஒரு கடற்கரை நகரம். 1970-ல அரசாங்கமே திட்டம் போட்டு, வர்றவங்களுக்குன்னே கட்ட ஆரம்பிச்ச ஊர். அங்கே போறவருக்கு இப்படிப்பட்ட குறிப்பு போதும், தப்பில்லை. ஆனா ஆயிரக்கணக்கான வருஷமா ஜனங்க குடியிருக்கிற மலைக்கும் அதே அச்சு சரியா வருமா?

வராதுன்னு ஒரு தமிழ்ப் புலவர் சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டார். அவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். அவர் எழுதினது பத்துப்பாட்டுல ஒண்ணான மலைபடுகடாம். 583 அடி. பாட்டுடைத் தலைவன் செங்கத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னன். ஜவ்வாது மலையில பிறந்து வர்ற செய்யாறு இந்தச் செங்கத்தைத் தொட்டுக்கிட்டுத்தான் போகுது. பாட்டுல அதுக்குச் சேயாறுன்னு பேர். நன்னனோட நவிரமலை, இன்னைக்கு நாம பருவதமலைன்னு சொல்றதுதான் அப்படிங்கிறது அறிஞர்கள் பலரோட கருத்து. அது ஜவ்வாது மலைக்குப் பக்கத்துல தனியா எழும்பி நிக்கிற மலை. நெல்லிவாசல்நாட்டுப் பேர் பாட்டுல கிடையாது. ஆனா பாட்டு நடக்கிறது இதே மலை, காடு, ஆறு சேர்ந்த வட்டாரம்தான்.

கதை ரொம்ப சிம்பிள். நன்னன்கிட்ட பரிசு வாங்கிட்டு ஒரு கூத்தர் கூட்டம் திரும்பி வருது. எதிரே பசியோட இன்னொரு கூட்டம். "நாங்க போயிட்டு வந்தோம், நீங்களும் போங்க. ஆனா வழியில இதெல்லாம் இருக்கு, பார்த்துப் போங்க"ன்னு முன்னவர் சொல்றதுதான் பாட்டு. அதனால இதுக்குக் கூத்தராற்றுப்படைன்னும் பேர் உண்டு. ஏறத்தாழ அதே காலத்துல கிரேக்க நாட்டுல பௌசானியஸ்னு ஒருத்தர் ஊர் ஊராப் போய்க் கோயில், சிலை எல்லாம் விவரமா எழுதி வெச்சார். பயண நூல்களுக்கே முன்னோடின்னு அவரைக் கொண்டாடுவாங்க. நம்ம கௌசிகனார் சிலையைப் பத்திக் கவலைப்படலை. கால் எங்கே வழுக்கும்னு சொல்றார்!

உ.வே.சாமிநாதையர் 1889-ல பத்துப்பாட்டைப் பதிப்பிச்சதால நம்ம கைக்கு வந்த பாட்டு இது. மனப்பாடப் பகுதியா மட்டும் பார்த்தவங்க, இந்த தடவை டிராவல் கைடா நினைச்சுப் பாருங்க. அவர் சொன்னதையும் இன்னைக்கு நாம செய்ய வேண்டியதையும் சேர்த்தே தர்றேன்.

1. இருட்டுல நடக்காதீங்க

தினைப்புனத்துல காட்டுப்பன்றி வராம இருக்க, வழியோரமா அடார்னு கல்லால பொறி வெச்சிருப்பாங்க. அதனால பொழுது விடிஞ்ச பிறகு கிளம்புங்கங்கிறார். பொழுது சாஞ்சா நடக்க வேண்டாம், குகையில சொந்த வீட்டுல தங்குற மாதிரி தங்கிடுங்கங்கிறார்.

இன்னைக்கு: குகையெல்லாம் வேண்டாம். காலையில ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்குற மாதிரி திட்டம் போடுங்க. திருப்பத்தூர்ல ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸுல போகலாம். மேலே போற பஸ் கம்மி. ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கடைசி பஸ் எப்பன்னு கேட்டு வெச்சுக்கோங்க. பெட்ரோல், கைக்காசு, மருந்து எல்லாம் கீழேயே பார்த்துக்கணும். செல்போன் சிக்னலை நம்பி வழி தேட வேண்டாம்.

2. வழுக்கும், கையைப் பிடிச்சுக்கோங்க

சுனையோரப் பாறை வழுக்கும், கொடியைப் பிடிச்சுக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு இறங்குங்கன்னு சொல்றார். கூட்டத்துல குழந்தை குட்டிகளும் உண்டுங்கிறதை மனுஷன் மறக்கவே இல்லை.

இன்னைக்கு வழுக்குறது பாறை மட்டும் இல்லை, வண்டியும்தான். 2022 ஏப்ரல்ல புதூர்நாட்டுப் பக்கம் புலியூர்லேருந்து சேம்பரைக் கோயிலுக்கு ஒரு சரக்கு வேன்ல ஏறிப் போன ஜனங்க. ஏத்தத்துல வண்டி பின்னாடி சரிஞ்சு பள்ளத்துல கவிழ்ந்து 11 பேர் இறந்தாங்க. எல்லாருமே பெண்களும் சிறுமிகளும். அவங்க சுற்றுலாக்காரங்க இல்லை, அந்த மலைக்காரங்க. ஆள் ஏற வேற வண்டி இல்லாத ஊர்ல சரக்கு வண்டிதான் பஸ். நீங்க ஜாலிக்காக அப்படி ஒரு வண்டியில தொத்திக்கிட்டுப் போகாதீங்க. சொந்தக் கார்னா செங்குத்தான இறக்கத்துல கியர்லயே இறங்குங்க, பிரேக்கை மட்டும் நம்பாதீங்க.

3. மரம்னு நினைச்சு மிதிக்காதீங்க

விழுந்து கிடக்கிற மரம் மாதிரி மலைப்பாம்பு கிடக்கும், விலகிப் போங்கங்கிறார். சின்னப் பாம்பு பதுங்கியிருக்கிற குழியையும் பார்த்துப் போகச் சொல்றார். பரண் மேல இருந்து யானை விரட்டக் கவண்கல் வீசுவாங்க, மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சு மறைஞ்சு போங்கங்கிறார்.

இன்னைக்குக் கவண்கல் வராது. ஆனா காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நுழையக் கூடாது. இது சந்தன மரத்துக்குப் பேர் போன மலை. திருப்பத்தூர்ல அரசாங்க சந்தனக் கிடங்கே இருக்கு. ஞாபகார்த்தமா ஒரு குச்சியைக்கூட உடைச்சுப் பையில போடாதீங்க, கேஸாயிடும்.

4. சத்தம் போடாதீங்க

கலைஞர் கூட்டத்துக்கே ஒரு இடத்துல "வாத்தியத்தைத் தொடாதீங்க"ன்னு சொல்றார்! தெய்வம் இருக்கிற உச்சியைக் கும்பிட்டுட்டு அமைதியாப் போங்க, வாசிச்சா மழை கொட்டும்னு காரணமும் சொல்றார். கார்ல பாட்டை அலற விடுற நண்பர்கள் இந்த வரியைக் கண்ணாடியில ஒட்டிக்கலாம்.

இந்த அடக்கம் ராத்திரியில வேற விதமாத் தேவைப்படும். இதே மலையில, ஆலங்காயம் தாண்டி 725 மீட்டர் உயரத்துல காவலூர். வானத்துல இருட்டு வேணும்னு வைணு பாப்பு தேடிப் பிடிச்ச இடம். 1960-களோட கடைசியில வேலை ஆரம்பிச்சது. 1977-ல யுரேனஸைச் சுத்தி வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிய வந்தப்போ அதைப் பதிவு செஞ்ச ஆய்வகங்கள்ல காவலூரும் ஒண்ணு. 1986 ஜனவரியில ராஜீவ் காந்தி 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வெச்சு, ஆய்வகத்துக்கும் வைணு பாப்பு பேரை வெச்சாங்க. பொதுமக்களை அனுமதிக்கிற நாளும் நேரமும் விசாரிச்சுட்டுப் போங்க. அந்தப் பக்கம் ராத்திரி ஹெட்லைட்டைத் தேவையில்லாம மேலே அடிக்காதீங்க.

5. நடுகல்லைக் கும்பிட்டுட்டுப் போங்க

வழியில பேர் பொறிச்ச நடுகற்கள் இருக்கும், அதுக்கு முன்னாடி வாசிச்சு வணங்கிட்டுப் போங்கன்னு பாட்டு சொல்லுது. இதைக் கவிஞரோட கற்பனைன்னு ஒதுக்க முடியாது. தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்துல பல்லவர் காலத்திலிருந்து தொடர்ச்சியா நடுகற்களைக் கண்டெடுத்து, இரா. நாகசாமி பதிப்பாசிரியரா இருந்து 1972-ல 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகமே போட்டாங்க. பாட்டு இவற்றைவிடப் பழசு. ஆனா அதே மண்ணுல அதே வழக்கம் நூற்றாண்டுகளாத் தொடர்ந்திருக்கு.

மலை மேல இன்னும் பழசு இருக்கு. கல்திட்டைகளைக் குள்ளமான ஆளுங்க வாழ்ந்த வீடுன்னு சொல்வாங்க. புதிய கற்காலத்து வழவழப்பான கைக்கோடரிகளை மரத்தடியில குவிச்சுப் பிள்ளையாராக் கும்பிடுற ஊர்கள் உண்டு. உங்களுக்கு அது தொல்பொருள், அவங்களுக்குச் சாமி. கேக்காம தொடாதீங்க, செருப்பைக் கழட்டுங்க, கையில எடுத்துப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கோங்க.

6. வீட்டுக்காரங்ககிட்ட மரியாதையா இருங்க

நாங்க நன்னனோட கூத்தர்னு சொல்லிட்டு சொந்த வீடு மாதிரி உள்ளே போங்க, சொந்தக்காரங்க மாதிரி சோறு போடுவாங்கன்னு கௌசிகனார் சொல்றார். தினைச்சோறு, மூங்கிலரிசி, பலாக்கொட்டை மாவு, மோர்னு மெனுவே இருக்கு. வழி தப்பிப் போனாலும் பயப்படாதீங்க, பாறையில உட்கார்ந்து வாத்தியத்தை வாசிங்க, காடு காக்கிறவங்க சத்தம் கேட்டு ஓடி வந்து பழம் கொடுத்து வழி காட்டுவாங்கங்கிறார்.

இன்னைக்கு அங்கே சாமை, தேன், பலா, புளி. வாங்கினா அவங்ககிட்டயே வாங்குங்க, பேரம் பேசாதீங்க. பெரியவங்களை ஐயா, அம்மான்னு கூப்பிடுங்க. கேக்காம வீட்டையும் பிள்ளைகளையும் போட்டோ எடுக்காதீங்க. அவங்க மலையாளிகள். கேரளாவான்னு மட்டும் கேட்டுறாதீங்க :-) மலையை ஆளுறவங்கங்கிற அர்த்தத்துல மலையாளி. பேசுறது தமிழ்.

அவங்க பூர்வீகம் பத்தி வட ஆற்காடு மாவட்டத்து மேன்யுவல்ல ஒரு கதை பதிவாகியிருக்கு. சக வருஷம் 1132, அதாவது கி.பி. 1210-ல, கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்கிட்டப் பெண் கேட்டாங்க. கொடுக்கலை. ஏழு பெண்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மீட்க ஏழு பேர் ஏழு நாயோட கிளம்பினாங்க. "நாய் மட்டும் திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு காரியம் பண்ணிடுங்க"ன்னு பொண்டாட்டிமார்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. பாலாத்துல வெள்ளம். ஆளுங்க கரையேறிட்டாங்க, நாய்ங்க பாதியிலேயே திரும்பிடுச்சு. வேடர்களை வென்னுட்டு ஊருக்கு வந்து பார்த்தா, இவங்களுக்குக் கருமாதி முடிஞ்சு போச்சு! செத்தவங்களை ஊர்ல எப்படிச் சேர்த்துக்கிறது? அவங்க வேடர் பெண்களைக் கட்டிக்கிட்டு ஜவ்வாது மலைக்குப் போயிட்டாங்களாம். வரலாறா இல்லையாங்கிறது வேற விஷயம். நாய்ங்க பாதியிலேயே திரும்பினதால வீடிழந்தவங்கன்னு ஒரு ஜனம் தன்னைப் பத்திச் சொல்லிக்குதே, அதுதான் எனக்கு மனசுல நிக்குது.

7. புல்லை முடிஞ்சு போடுங்க

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசு, வழி பிரியிற இடத்துல தடத்தைச் சரி பண்ணிப் புல்லை முடிஞ்சு அடையாளம் வெச்சுட்டுப் போங்கன்னு சொல்றார். நமக்கு வேணாலும் ஆகும், பின்னாடி வர்றவனுக்கும் ஆகும்.

ஆற்றுப்படைங்கிற சொல்லுக்கே வழிப்படுத்துறதுன்னுதான் அர்த்தம். பெற்றவன் பெறாதவனுக்குக் காட்டுற வழி. இப்ப அந்தச் சொல்லைத் திருப்பிப் பாருங்க. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டுல ஆந்திர செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதுல 20 பேர் செத்தாங்க. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஆளுங்க. அதுல ஜவ்வாது மலைக்காரங்களும் உண்டு. கூலி கிடைக்கும்னு தரகர்கள் காட்டின வழி அது. நம்ம ஊர் இலக்கியத்துல மலைக்கு ஏறி வந்த பசிச்ச கூத்தருக்கு வழி சொல்ல ஆள் இருந்தது, சோறு போட மலைக்காரன் இருந்தான். அந்த மலையிலிருந்து பசியோட கீழே இறங்கினவனுக்கு நேர்மையா வழி சொல்ல நம்மள்ல யாரும் இல்லை.

அதனாலதான் டிப்ஸ்னா வியூ பாயிண்ட் மட்டும் இல்லைன்னு இவ்வளவு நீட்டிச் சொன்னேன். நாம போய்ப் பார்த்துட்டு வர்ற இடம் ஒருத்தரோட வீடு. தேன் வாங்கும்போது ரெண்டு வார்த்தை பேசுங்க. பையன் என்ன படிக்கிறான், மேல படிக்க எங்க போகணும்னு அவங்க கேட்டா, தெரிஞ்சதைச் சொல்லிட்டு வாங்க. அதுவும் ஒரு ஆற்றுப்படைதான்.

டிஸ்கி: குப்பையைக் கீழே கொண்டு வந்து போடுங்க. கௌசிகனார் இதைச் சொல்லலை. அந்தக் காலத்துல பிளாஸ்டிக் பாட்டில் இல்லை, அவ்வளவுதான். போயிட்டு வந்தவங்க எந்த முக்குல வழி குழம்புச்சுன்னு எழுதுங்க, பின்னாடி போறவங்களுக்கு உதவும்.