தரங்கம்பாடியில் சந்தித்த இரு இலக்கணங்கள்

1620-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பிய காலந்தொட்டு, 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றது வரையில், டேனிஷ் என்னும் வடகடலோரத்துப் பாஷை நமது சோழமண்டலக் கரையில் வழங்கிவந்தது.

அந்தப் பாஷையின் வாக்கிய அமைப்பு நம்மை வியப்பில் ஆழ்த்துவது. "நேற்று நான் பேரையூருக்குப் போனேன்" என்று வினையைக் கடைசிவரை காத்துவைத்து முடிப்பது நம் வழக்கம். டேனிஷ்காரரோ வினையை இரண்டாம் ஸ்தானத்திலேயே நிறுத்தி, "நேற்று போனேன் நான் பேரையூருக்கு" என்னும் வரிசையில் சொல்வர். போனேன், போனாய், போனான் என்று நம் வினைமுற்றே எழுவாயைக் காட்டிவிட, அவர்கள் வினையோ எல்லோருக்கும் ஒரே வடிவமாதலால், நான், நீ என்பவற்றை விடாது சொல்லியாக வேண்டும். ஆயினும் ஓர் உறவு உண்டு: 'ஹூஸ்' என்றால் வீடு, 'ஹூஸெட்' என்றால் குறிப்பிட்ட அந்த வீடு; நம் வேற்றுமை உருபைப் போலவே ஒட்டு பின்னால் வந்து சேர்கிறது.

நம் மொழியின் இலக்கணத்தைக் கற்கவும் அதே கரையில் ஒருவர் முனைந்தார். டேனிஷ் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழெழுத்து எழுதிக் கற்றார் என்பதை நினைக்கையில் என் நெஞ்சம் நெகிழ்கிறது. அந்த விரலுக்குரியவர் இலத்தீனில் இயற்றிய தமிழிலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது.