திருநாதர்குன்றின் ஐகாரம்

செஞ்சிக்காரன் கட்டுரை எழுதுகிறான் என்றதும் தேசிங்குராஜன் கதைதான் வரப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். 1714-இல் முடிந்துபோன அந்தக் கதையை எல்லோரும் பாடியாயிற்று. கோட்டையும் 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. இனி அதற்கு என் சிபாரிசு தேவையில்லை. நான் சொல்லப் போவது சிறுகடம்பூர்ப் பக்கம் இருக்கும் திருநாதர்குன்றைப் பற்றி. அதிலும் ஒரே ஓர் எழுத்தைப் பற்றி.

குன்றின் மேல் பெரிய பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியருக்கு வெட்டிய கல்வெட்டும் இருக்கிறது. தமிழ் பிராமி வட்டெழுத்தாக உருமாறிக் கொண்டிருந்த காலத்துக் கையெழுத்து, கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு என்பார்கள். அதன் முதல் சொல்லே அந்த ஐம்பத்தேழுதான். தனியாக நிற்கும் 'ஐ' என்ற உயிரெழுத்து கல்லில் கிடைப்பது முதன்முதலில் இங்கேதான் என்று சொல்வதுண்டு. மெய்யோடு ஒட்டி வரும் ஐகாரக் குறி அதற்கும் முந்திய பிராமிக் கல்வெட்டுகளிலேயே உண்டு. ஐகாரத்தில் தொடங்கும் சொற்கள்தான் தமிழில் குறைவு.

இந்த எழுத்து மேல் எனக்கு ஏன் இத்தனை கரிசனம்? உயிரொலிகளை வகைப்படுத்த வருகிறவர்களை எல்லாம் திண்டாட வைப்பது இந்த ஐயன்தான்!

தொல்காப்பியர் பிறப்பியலில் உயிர்களை வாயின் வேலையை வைத்தே பிரித்தார். அ, ஆ இரண்டுக்கும் வாயைத் திறந்தால் போதும். இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்துக்கும் நாக்கின் விளிம்பு மேல்பல்லைத் தொட வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவிய வேண்டும். சொல்லிப் பாருங்கள், சரியாக இருக்கும். மேல்நாட்டில் 1867-இல் மெல்வில் பெல்லும், 1917-இல் டேனியல் ஜோன்ஸும் நாக்கு எவ்வளவு உயரம், முன்னா பின்னா, உதடு குவிகிறதா என்று பார்த்துப் போட்ட கணக்கும் ஏறக்குறைய இதே வழிதான். நாக்கின் உயரத்தை அவர்கள் தனியாக அளந்தது கூடுதல்.

ஆனால் 'ஐ' சொல்லும்போது வாய் முதலில் அகரத்துக்குத்தானே திறக்கிறது? அப்புறம்தான் நாக்கு மேலேறுகிறது. அப்படியானால் தொல்காப்பியர் அதை ஏன் இகரத்தோடு சேர்த்தார்? அந்த ஒலி எங்கே போய் முடிகிறதோ அதை வைத்துச் சேர்த்திருக்கிறார் என்பது என் கட்சி. ஔகாரத்தையும் அப்படியே, முடிவில் இதழ் குவிவதைப் பார்த்து, உகரக் கூட்டத்தில் போட்டிருக்கிறார்.

எலக்ட்ரானிக்ஸ் படித்த நண்பர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். உயிரொலியின் அடையாளம் வாய்க்குழியின் ஒத்ததிர்வுகள், அதாவது ஃபார்மன்ட்கள். 1952-இல் பெல் ஆய்வகத்தில் பீட்டர்சனும் பார்னியும் 76 பேரை ஆங்கில உயிரொலிகள் பத்தைப் பேச வைத்து அளந்தார்கள். ஆண்குரல் சராசரியில் ஈகாரம் போன்ற ஒலிக்கு முதல் இரண்டும் 270, 2290 ஹெர்ட்ஸ். ஆகாரம் போன்றதற்கு 730, 1090. வரைபடத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் இடம் விழுந்துவிடும். ஐகாரத்தை அப்படி ஒரே புள்ளியில் நிறுத்த முடியாது. முதல் அதிர்வு இறங்க, இரண்டாவது ஏற, அது கோடாக ஓடும்.

ஓடுகிற ஒலிக்குத் தனி எழுத்து எதற்கு, அய் என்றே எழுதலாமே என்பது 1935-இல் பெரியார் கொண்டுவந்த சீர்திருத்தத்தின் ஒரு பகுதி. ஒலியை மட்டும் பார்த்தால் அதில் தப்பே இல்லை. அகரத்தோடு யகர மெய் சேர்ந்தாலும் ஐகாரம் தோன்றும் என்று தொல்காப்பியரே ஒப்புக்கொள்கிறார். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் லை, ணை, னை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. அய் மட்டும் ஏறவில்லை.

என் ஓட்டு ஐகாரத்துக்குத்தான். மலை என்று எழுதி மலெ என்கிறோம். ஐந்து என்று எழுதி அஞ்சு என்கிறோம். ஐகாரக் குறுக்கம் என்று நன்னூலார் மாத்திரையைத்தான் குறைத்தார். நம் ஜனங்கள் ஒலியையே மாற்றிவிட்டார்கள். ஊருக்கு ஊர் மாறும் இந்த உச்சரிப்புக்கெல்லாம் ஒரே எழுத்து பொதுவாக நிற்பது சௌகரியம்தானே? குன்றில் வெட்டியிருக்கும் அந்த எண்ணை எங்களூர் பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது வாசிக்கச் சொல்லுங்கள். அம்பத்தேழு என்பார்.

பார்க்க வருபவர்கள் வெயில் சாய்ந்திருக்கும் நேரமாக வாருங்கள். உச்சி வெயிலில் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது.