எக்டைசோன்

அடுப்படி மூலையில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்த கரப்பான் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அது நோயாளியல்ல, இப்போதுதான் சட்டை உரித்தது. உரிக்கச் சொல்லும் ஹார்மோன்தான் எக்டைசோன். ‘எக்டிசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு உடை களைதல் என்று பொருள். பாம்பு ‘சட்டை’ உரிக்கிறது என்னும் நமக்கு இதில் வியப்பில்லை. அமெரிக்க எழுத்தாளர் மென்கென் 1940-இல் இதே வேரிலிருந்து, மேடையில் ஆடை களைந்து ஆடுபவருக்கே ஒரு கௌரவப் பெயர் செய்து கொடுத்தார்!

கடைசி ‘ஓன்’ கீட்டோனைக் குறிக்கும்: ஆறாவது கார்பனில் இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன். நம் பாலின ஹார்மோன்களைப் போல இதுவும் கொலஸ்டிராலிலிருந்து வருவதே. ஆனால் அவற்றில் கொலஸ்டிராலின் வால் வெட்டுப்பட்டிருக்கும். இதில் வால் அப்படியே, 27 கார்பன். பூச்சிகளால் கொலஸ்டிராலைத் தாமே உருவாக்க முடியாது, இரையிலிருந்துதான் பெற வேண்டும்.

1954-இல் வேதியியலாளர்கள் பூட்டனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தது வெறும் 25 மில்லிகிராம் எக்டைசோன். பூச்சியின் உடலில் உண்மையில் வேலை பார்ப்பது இதன் 20-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் கூடிய வடிவம். இந்தக் குடும்பம் முழுவதற்கும் எக்டிஸ்டீராய்டு என்று பெயர். செடிகளில் கிடைப்பவை ‘ஃபைட்டோ’ என்ற முன்னொட்டு பெறும். செடிக்கு உரிக்கச் சட்டை ஏது?