உப்பு டப்பாவும் மருந்து அறையும்

விருதுநகர்க்காரனுக்குத் தராசு புதிதல்ல. சந்தையில் பருப்பும் மல்லியும் வத்தலும் எடைதான். பக்கத்துச் சிவகாசியில் பட்டாசு மருந்தும் எடைதான். அந்த எடைக்குள் ஓர் எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது என்பதை நம்மில் பலருக்குக் காட்டியது நம் கல்லூரி வேதியியல் வகுப்பு.

1811-இல் இத்தாலியின் அவகாட்ரோ விதைத்த கருத்திலிருந்து வளர்ந்தது 'மோல்'. 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். மலைத்துவிடாதீர்கள்! வாழைப்பழத்துக்கு டஜன் மாதிரி, அணுவுக்கு மோல், அவ்வளவுதான்.

சற்றே அடுப்படிக்கு வாங்க. தண்ணீர் ஒரு மோல் 18 கிராம், ஒரு மடக்குதான். உப்பு 58.5 கிராம், சீனி 342 கிராம். ஒரு கிலோ உப்பை 58.5-ஆல் வகுத்தால் 17.1 மோல், ஒரு கிலோ சீனியிலோ 2.9 மோல்தான். எடை ஒன்று, எண்ணிக்கை ஆறு மடங்கு வித்தியாசம்!

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அதன்பின் பட்டாசும் வளர்ந்தது. கருமருந்துக்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது உலகெங்கும் அனுபவம் தந்த பழைய கணக்கு. பாடநூல் சமன்பாட்டில் வெடியுப்பு 2 மோல், கரி 3, கந்தகம் 1. அதாவது 202, 36, 32 கிராம். நூற்றுக்கு 75, 13, 12! அணுவை அறியாத கைகள் அருகில் வந்துவிட்டன.

அந்த 270 கிராமிலிருந்து பிறப்பது 4 மோல் வாயு. குளிர்ந்த நிலையிலேயே சுமார் 90 லிட்டர்; வெடிக்கும் சூட்டில் பல மடங்கு. ஒரு சின்ன அறை என்ன ஆகும்?

பொறியாளனாக ஒன்று சொல்வேன். மோல் கணக்கு 'எவ்வளவு' என்று சொல்லும். 'எப்போது' என்று சொல்லாது. குளோரேட்டும் கந்தகமும் கலந்தால் லேசான உரசலே போதும். அதனால்தான் 1992-இல் மத்திய அரசு அக்கலவையைத் தடை செய்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் மாவட்டம் மறக்காது.

தம்பி, தங்கைகளே! உங்களில் பலர் நாளை இத்தொழிலுக்கே போவீர்கள். கணக்கைப் பரீட்சையோடு விட்டுவிடாதீர்கள். மருந்து அறையில் வேலை பார்ப்பவர்களுக்கும் புரியும்படி, உப்பையும் சீனியையும் வைத்தே சொல்லிக்கொடுங்கள்.