வாலிநோக்கம் உப்பில் இருக்கும் சோடியம் சூரியனிலும் இருக்கு... போகாமலே கண்டுபிடித்தது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் உப்பளத்தில் விளையும் உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து கேஸ் அடுப்பின் நீலத் தீயில் தூவினால், தீ பளிச்சென்று மஞ்சளாகும். அது உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம். அந்த உப்பை விளைய வைக்கும் சூரியனிலும் இதே சோடியம் இருக்கிறது. சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதை, யாரும் போய்ப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறார்கள்?

நிறமாலை என்ன சொல்கிறது?

சூரிய ஒளியை முப்பட்டகம் வழியாக விட்டால் வானவில் போல நிறங்கள் பிரியும். இதுதான் நிறமாலை. நன்றாக விரித்துப் பார்த்தால் நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோபர் 1814-ல் இப்படி 500-க்கும் மேற்பட்ட கோடுகளைக் குறித்து வைத்தார்.

ஏன் அந்தக் கோடுகள்? 1859-ல் கிர்க்காஃப், புன்சன் இருவரும் விடை கண்டார்கள். சூடான ஆவி எந்த நிறத்தை வெளியிடுமோ, தன் வழியாக வரும் ஒளியில் அதே நிறத்தை விழுங்கவும் செய்யும். அடுப்பில் சோடியம் ஒளிரும் இடத்தில்தான், அதாவது 589 நானோமீட்டருக்குப் பக்கத்தில்தான், சூரிய நிறமாலையிலும் கறுப்புக் கோடுகள் விழுகின்றன.

ஆந்திராவில் தெரிந்த புதுக் கோடு

1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். குண்டூரில் பிரான்ஸின் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் எனப் பலரும் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார்கள். சூரிய விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியமா? இல்லை, கொஞ்சம் தள்ளி, 587.6 நானோமீட்டரில் இருந்தது. அதுதான் ஹீலியம். பூமியில் அது பிடிபட்டது 1895-ல்தான்.

சரி, எவ்வளவு இருக்கு?

கோடு விழும் இடம், எந்தத் தனிமம் என்று சொல்லும். கோட்டின் ஆழமும் அகலமும் அளவைச் சொல்லும். ஆனால் இங்கேதான் சிக்கல். சூரியனில் கால்சியம் கோடுகள் ஹைட்ரஜன் கோடுகளைவிடப் பெரிதாகத் தெரியும். அதை வைத்து கால்சியம்தான் அதிகம் என்றால் தப்பு.

காரணம் வெப்பநிலை. எந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்து நிற்கும் என்பதற்கு 1920-ல் சமன்பாடு தந்தவர் இந்தியாவின் மேகநாத் சாஹா. அதைப் பயன்படுத்தி 1925-ல் சிசிலியா பெய்ன், நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று கணக்கிட்டார். மூத்த விஞ்ஞானி ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை. அதனால் தன் முடிவு உண்மையாக இருக்காது என்று பெய்ன் தன் ஆய்வேட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. 4 ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் கணக்குப் போட்டு அதே முடிவுக்கு வந்தார்!

இன்றைய கணக்குப்படி, சூரியனில் 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு சோடியம் சுமார் 2 அணுக்கள்தான். கால்சியமும் ஏறக்குறைய அவ்வளவே.

தமிழ்நாட்டில் எங்கே நடக்கிறது?

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில். அங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அது சேர்க்கும் நட்சத்திர ஒளி, ஒளியிழை வழியாக நிறமாலைக் கருவிக்குப் போகிறது. எந்த நட்சத்திரத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று ஆய்வாளர்கள் அதிலிருந்து கணக்கிடுகிறார்கள்.

இதனால் என்ன தெரியும்?

எந்தத் தனிமம் எங்கே உருவானது என்ற வரலாறு. சோடியம் பெரும்பாலும் பெரிய நட்சத்திரங்களுக்குள் உருவாகிறது. வாலிநோக்கம் உப்பில் இருக்கும் சோடியத்துக்கு, நம்ம சூரியனைவிட வயது அதிகம்.