கரி தீரும் வேளை: தொழிற்சாலைக் கரிப்படுகைகளைக் கண்காணித்த வரலாறு

நீரையும் வளியையும் தூய்மையாக்கும் கிளர்வுற்ற கரி தன் சோர்வை வெளியே காட்டுவதில்லை. புதிய கரியும் ஆற்றல் தீர்ந்த கரியும் ஒரே கறுப்பு. ஆகவே கரி எவ்வளவு மாசைக் கவரும் என்பதைவிட, எப்போது கவராமல் விடும் என்ற வினாவே இத்துறையை முன்னகர்த்தியது எனலாம்.

கரி கரைசல்களின் நிறத்தை நீக்குவதை 1785இல் தோபியாஸ் லோவிட்ஸ் கண்டறிந்தார். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகள் அப்பண்பைப் பயன்கொண்டன. எலும்புக்கரி நிரப்பிய உயரமான உருளைகளில் பழுப்புப் பாகு மேலிருந்து விடப்பட்டது. அடியில் வழியும் பாகு நிறங்கொள்ளத் தொடங்கியதும் ஓட்டத்தை நிறுத்திக் கரியைக் கழுவிச் சூளையில் மீண்டும் சுட்டனர். தொழிலாளியின் கண்ணே அளவுகருவி. மாசு நிறமுடையதாக இருந்தமையால் மட்டுமே அம்முறை போதியதாயிற்று.

1915 ஏப்ரல் 22 அன்று ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை குளோரினை வெளியிட்டது. அவ்வாண்டே உருசியாவில் நிக்கொலாய் செலின்ஸ்கி கரி முகமூடியை உருவாக்கினார். பின்னாளில் அமெரிக்க முகமூடிகளில் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் இடம்பெற்றது. இங்கே பிழைக்கு விலை சர்க்கரையன்று, உயிர். கரியைக் கடந்து நச்சுவளி வெளிவரும் கணத்தை முன்கூட்டியே கணித்தாக வேண்டியிருந்தது. 1920இல் போகார்ட், ஆடம்ஸ் இருவரும் குளோரின்-கரி ஆய்வை வெளியிட்டனர். கவரும் விகிதம் எஞ்சிய கொள்திறனையும் வளியின் செறிவையும் பொறுத்தது என்பது அவர்தம் அடிப்படை. 1929இல் ஷீலவும் அவர்தம் உடனாய்வாளரும், காப்புக்காலம் படுகையின் நீளத்தோடு நேர்கோட்டில் வளர்கிறது என்றும் அதில் ஒரு சிறு பகுதி எப்போதும் இழப்பாகிறது என்றும் காட்டினர். மாசு படுகை முழுவதிலும் சீராகப் பரவுவதில்லை. குறுகிய பட்டையாகக் கீழ்நோக்கி நகர்கிறது. அப்பட்டையின் முனை அடியைத் தொடும்போது மேற்பகுதிக் கரி தீர்ந்திருக்கும், அடிப்பகுதியிலோ கொள்திறன் மீந்திருக்கும்.

போர்க்களத்தில் பிறந்த இக்கணக்கு தொழிற்சாலைக்கு எளிய வடிவில் வந்தது 1973இல். படுகை ஆழத்தையும் பணிக்காலத்தையும் இணைக்கும் நேர்கோட்டை மூன்றே சோதனைகளால் வரையலாம் என ஹட்சின்ஸ் காட்டினார். கழிவுநீர்க் கலன்களின் பக்கவாட்டில் வெவ்வேறு ஆழங்களில் மாதிரிக் குழாய்கள் பொருத்துவதற்கு இதுவே காரணம்; பட்டை எங்கு நிற்கிறது என்பதை அவை சொல்லும். அழுத்தமானி இதற்கு உதவாது. அது படுகையின் அடைப்பைக் காட்டுமேயன்றிக் கொள்திறனைக் காட்டாது. நடைமுறையில் இவ்விரண்டும் குழப்பப்படுவதுண்டு.

இரு கலன்களைத் தொடராக இணைப்பது மற்றொரு காப்பு. முதற்கலனிலிருந்து மாசு கடந்துவரினும் இரண்டாவது தாங்கும். பின் முதற்கலனில் புதுக்கரி நிரப்பி அதனைக் கடைசியில் வைப்பர். ஆயினும் பல மாசுகள் கலந்த நீரில் வேறொரு சிக்கல் உண்டு. வலுவாகப் பற்றும் பொருள், முன்பே பற்றியிருந்த வலுக்குறைந்ததைப் பெயர்த்துத் தள்ளும். அப்போது அப்பொருளின் செறிவு நுழைநீரில் உள்ளதைவிட வெளிநீரில் மிகும். மொத்தக் கரிமக் கார்பனை மட்டும் அளக்கும் கருவி இதனைத் தவறவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே அளக்க வேண்டியதாகிறது.